பில் பணம் வரவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை நிறுத்தலாமா?

சென்னிமலைக்குப் பக்கத்தில் தையல் யூனிட் நடத்தும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் யூனிட்டில் 22 பேர் வேலை செய்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் உடுத்தும் உடுப்பு தைத்துக் கொடுக்கிறேன். 14 லட்சம் ரூபாய் பில், ஜிஎஸ்டி தனி. சரக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வெளியே 10 லட்சம் ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டெய்லருக்கு ஷிப்டுக்கு 420, கைமடிக்கு (டெய்லருக்குக் கூட இருந்து உதவும் ஆளுக்கு) 320. ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் போடுகிறேன். இரண்டு வாரமாகச் சனிக்கிழமைச் சம்பளம் செவ்வாய், புதன் என்று தள்ளிப் போகிறது. இதற்கு நடுவில் கூலி ஏற்றிக் கேட்கிறார்கள். கவர்மெண்ட் பணம் வந்தால்தான் முடியும் என்றேன். ஒரு கைமடிப் பெண், 'அக்கா, கவர்மெண்ட் காசு வருதோ இல்லியோ, எங்க வூட்டு வாடகை நிக்குங்களா?' என்று கேட்டுவிட்டது. நாலு பேர் திருப்பூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். பணத்துக்குக் கேஸ் போட்டால் அடுத்த டெண்டர் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?"

சகோதரி, அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. அரசு உங்களுக்குத் தர வேண்டியது ஒரு கடன், நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டியது இன்னொரு கடன். முதல் கடன் வராததால் இரண்டாவதை நிறுத்தலாம் என்று எந்தச் சட்டத்திலும் இடமில்லை. உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆடிட்டராக உட்கார்ந்து, நல்ல யூனிட்டுகள் லாபம் காட்டிக்கொண்டே கையில் காசில்லாமல் முடங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டு கடன்களையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கும் வரை இரண்டுமே அவிழாது. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வாரக்கூலி கொடுக்கும் இடத்தில் வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே பட்டுவாடா முடிந்துவிட வேண்டும். நம் பக்கத்துச் சனிக்கிழமைச் சம்பளம் வெறும் வழக்கமாக நின்றுவிடவில்லை, அது சட்டக் கடமையும்கூட. மாதச் சம்பளக்காரர்களுக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டுப் போனவர்களுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். திருப்பூருக்குப் போன அந்த நாலு பேருக்குப் பாக்கி ஏதாவது இருந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது கூலியின் அளவு. நீங்கள் ஷிப்டுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு தடவை மணிக்கூலியாக மாற்றிப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு 420 என்றால் டெய்லருக்கு மணிக்கு 52 ரூபாய் 50 காசு. கைமடிக்கு 40 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் போட்ட நாளில் கைமடிப் பெண் 12 மணி நேரம் நின்று 480 ரூபாய் வாங்குகிறார். வாங்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மணிக்கூலி அதே 40-தான். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே அந்த நாலு மணி நேரத்துக்கு 160 இல்லை, 320 கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் கையில் 640 வந்திருக்க வேண்டும். டெய்லருக்கு 630-க்குப் பதில் 840. சரியாகச் சொன்னால், 12 மணி நேரத்துக்குச் சட்டப்படி வருவது இரண்டு ஷிப்ட் கூலி. கொங்கு வட்டாரம் முழுக்க 'ஒன்றரை ஷிப்ட்' என்ற கணக்கு அப்படியே ஊறிப்போய்விட்டது. எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பது லேபர் ஆபீஸில் பதிலாக எடுபடாது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு இருக்கிறது.

320 ரூபாய் குறைந்தபட்சக் கூலிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் தொழில்வாரியாக அடிப்படைக் கூலியை அரசு நிர்ணயிக்கிறது. அதன் மேல் விலைவாசிக் குறியீட்டையொட்டிப் பஞ்சப்படி ஏறும். போன வருடத்து அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த வருடம் கூலி போடுவதுதான் பெரும்பாலான யூனிட்டுகளில் நான் பார்க்கும் கோளாறு. ஈரோட்டில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உங்கள் தொழிலுக்கான நடப்பு அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தொகையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இருந்தால் ஏற்றியே ஆக வேண்டும். கையில் பணமில்லை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு இருக்கவே உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே கிரவுன் அலுமினியம் வழக்கில் சொல்லிவிட்டது. 1982-இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்பு என்றது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, பணத்துக்கு எங்கே போவது என்று நினைப்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 10 லட்சத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 20,000. உங்களிடம் 22 பேர், மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். மொத்தம் 4,576 மணி நேர உழைப்பு. 20,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 4 ரூபாய் 37 காசு வருகிறது. ஒரு ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு 35 ரூபாய். உங்கள் ஆட்கள் எவ்வளவு ஏற்றிக் கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஷிப்டுக்கு 35 ரூபாய் ஏற்றிக் கொடுத்திருக்கக்கூடிய பணம் மாதாமாதம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது. கைமடிக்கு அது கிட்டத்தட்ட 11 சதவீத உயர்வு. எட்டு மாதத்துக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் வராத பணத்துக்கு நீங்கள் கையிலிருந்து கட்டிய வரி 70,000.

அரசுத் துறை பில்லைத் தாமதமாகக் கொடுப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். சப்ளையரின் லாபம் கொஞ்சம் குறையும் என்று மேலிடத்தில் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாமதம் கடைசியில் போய் உட்காரும் இடம் மணிக்கு 40 ரூபாய் வாங்குகிற பெண்ணின் கூலி. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பதும் அரசுதான், அந்தக் கூலியைக் கொடுக்க முடியாத நிலைக்குத் தன் சப்ளையரைத் தள்ளுவதும் அரசுதான். இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் வந்ததிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிகளுக்கு வருடத்தில் சில மாதம் உறுதியான வேலை கிடைத்து வருகிறது. அரசு கொள்முதல் என்பது இந்த மண்ணில் எத்தனையோ வீட்டு அடுப்பை எரிய வைத்திருக்கிறது. கொள்முதலைச் செய்துவிட்டுப் பணத்தைக் காலத்தில் கொடுக்காவிட்டால், செய்த நல்லதில் பாதி வட்டியிலேயே கரைந்துபோகிறது.

சரி, உங்கள் 14 லட்சத்துக்கு வருவோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று 2006-இல் ஒன்று வந்தது. அதன் 15-ஆம் பிரிவுப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஆர்டரில் கெடு எதுவும் எழுதியிருக்காவிட்டால் 15 நாள்தான். 60 நாள், 90 நாள் என்று எழுதியிருந்தாலும், 'நிதி ஒதுக்கீடு வந்த பிறகு' என்று எழுதியிருந்தாலும் 45 நாள்தான் செல்லும். வாங்குபவர் தனியாராக இருந்தாலும் அரசுத் துறையாக இருந்தாலும் ஒரே சட்டம். சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். தையல் சரியில்லை, துணி எடை குறைவு என்று எட்டு மாதம் கழித்து யாராவது ஆரம்பித்தால் அது நிற்காது.

கெடு தாண்டிய நாளிலிருந்து வட்டி ஓடும். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் ஐந்தரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 14 லட்சத்துக்கு ஆறு மாதத்தில் சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் ஆகிறது. நீங்கள் வெளியே கட்டும் வட்டி முழுவதையும் அது ஈடுகட்டாது. ஆனாலும் சும்மா விட்டுவிடக்கூடிய தொகை இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் பாருங்கள். உங்கள் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு, இந்த ஆர்டருக்கு முந்தைய தேதியில் இருக்கிறதா? சரக்கு போன பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குப் பலன் கிடையாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கருத்தை மறுபடி பரிசீலிக்கப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றாலும், இன்றைக்கு முன்தேதிப் பதிவுதான் பத்திரம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் தைத்துக் கொடுக்கிறவர், அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

உடனே வழக்கு, புகார் என்று ஓட வேண்டியதில்லை. பில் எந்த மேஜையில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அரசுப் பில் ஒரே கையில் முடிகிற காரியம் கிடையாது. ஸ்டோரில் சரக்குப் பதிவேட்டில் ஏற வேண்டும், தரச் சான்று வர வேண்டும், அலுவலகத்தில் அனுமதி ஆணை போட வேண்டும், அப்புறம் கருவூலத்துக்குப் போக வேண்டும். எட்டு மாதம் நிற்கிற பில்களில் பலவற்றை நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் ஒரு வரி ஏறாமல் இருக்கும், அல்லது பில்லில் வங்கிக் கணக்கு எண் ஒரு இலக்கம் மாறியிருக்கும். அதற்காகக் கோப்பு திருப்பி அனுப்பப்பட்டிருக்கும், சப்ளையருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நேரில் கேட்டும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். சரக்கு எந்தத் தேதியில் பதிவேட்டில் ஏறியது, பில் எந்தத் தேதியில் யாரிடம் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கம்தான் வரும், தகவல் வராது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல இடங்களில் மனு போய்ச் சேர்ந்ததுமே கோப்பு நகர ஆரம்பித்துவிடும்.

கூடவே ஒரு பதிவுத் தபால். ஆர்டர் எண், டெலிவரி சலான் தேதி, பில் தொகை, 2006-ஆம் வருடச் சட்டப்படி கெடு முடிந்த தேதி, அன்றிலிருந்து இன்று வரை ஏறிய வட்டி. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அதிகாரி கோப்பில் வைத்து மேலே அனுப்பக்கூடிய ஒரு தாளாக அது இருக்கட்டும். தாமதத்துக்கு வட்டி ஏறுகிறது என்று கோப்பிலேயே எழுத்தில் இருந்தால், நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தானாகவே அவசரப்படுவார்.

இதற்கும் அசையாவிட்டால், தாமதமாகும் பில்களுக்காக மத்திய சிறு தொழில் அமைச்சகம் வைத்திருக்கும் இணையதளத்தில் உத்யம் எண்ணோடு புகாரைப் பதிவு செய்யுங்கள். அது குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும். கோயம்புத்தூரிலேயே மண்டலக் கவுன்சில் இருக்கிறது. வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும் வழக்கு சப்ளையரின் பகுதிக் கவுன்சிலில்தான் நடக்கும், சென்னைக்கு நீங்கள் அலைய வேண்டாம். ஈரோடு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் மனு தயாரிக்க உதவுவார்கள். முதலில் சமரசப் பேச்சு, அது முடியாவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமென்றால் வாங்கியவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அந்த ஒரு விதிதான் இந்தச் சட்டத்துக்கே பல் கொடுத்தது.

அடுத்த டெண்டர் போய்விடுமோ என்ற பயம் வீணான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் சட்டப்படி வட்டி கேட்டதற்காக ஒரு சப்ளையரை டெண்டரிலிருந்து தள்ளி வைக்க முடியாது, விலைதான் தீர்மானிக்கும். அப்படியே அந்த டெண்டர் போனாலும், எட்டு மாதம் பணம் தராத ஆர்டரை இழப்பது உங்களுக்கு எந்த வகையில் நஷ்டம்? நிறையப் பேர் கேட்கும் இன்னொன்று: வட்டியை விட்டுக்கொடுத்தால் அசல் சீக்கிரம் வருமா? வரும். சமரசப் பேச்சில் அப்படி முடியும் வழக்குகள்தான் அதிகம். தேதி போட்டு எழுத்தில் கொடுத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், வாய் வார்த்தைக்கு ஒரு ரூபாய்கூட விடாதீர்கள்.

பணம் வரும் வரைக்கும் அந்த ரெண்டு ரூபாய் வட்டிக் கடனை மாற்றப் பாருங்கள். அரசு பில், ஆர்டர், சரக்கு ஏற்றுக்கொண்ட ரசீது மூன்றும் கையில் இருந்தால் அதன் பேரில் வங்கியிலும், தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் தமிழக அரசு நிறுவனமான டிஐஐசியிலும் கடன் கேட்டுப் பார்க்கலாம். வட்டி பாதிக்குப் பாதி குறையும். மிச்சமாகும் பணம் வேறெங்கும் போகாமல் நேராகச் சனிக்கிழமைப் பட்டுவாடாவுக்குப் போகட்டும். பணமுடை வந்தால் ஆட்களிடம் பிடித்த பிஎஃப், இஎஸ்ஐ தொகையைக் கட்டாமல் ஓட்டுவது சில யூனிட்டுகளின் பழக்கம். உங்களிடம் 22 பேர் இருப்பதால் இரண்டுமே கட்டாயம். ஆட்கள் பங்கைக் காலத்தில் கட்டாவிட்டால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிப்பதிலும் சிக்கல் வரும்.

அடுத்த டெண்டருக்கு விலை போடும்போது கணக்கைத் தலைகீழாக ஆரம்பியுங்கள். பெரும்பாலோர் போன தடவை எல்-1 விலை, அதாவது டெண்டரில் ஜெயித்த மிகக் குறைந்த விலை, என்ன என்று பார்த்து, அதில் இரண்டு ரூபாய் குறைத்து, துணி, நூல், வண்டி வாடகை எல்லாம் கழித்து, மிச்சம் எவ்வளவோ அதைக் கூலி என்று வைக்கிறார்கள். கூலி குறைவதற்குப் பாதிக் காரணம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் வரியில் கூலியை எழுதுங்கள்: ஒரு விரிப்புக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, நடப்பு அட்டவணைப்படி அந்த நிமிடத்துக்கு என்ன, இரவு வேலை வந்தால் இரட்டிப்பு என்ன. அடுத்த வரியில் நாலு மாத வட்டி. அதற்குப் பிறகு துணி. இப்படிப் போட்ட விலைக்குக் கீழே யாராவது எல்-1 ஆனால் ஆகட்டும். அந்த விலையில் அவரும் ஏதோ ஒரு கைமடியின் கூலியில்தான் கைவைக்கப் போகிறார், நீங்கள் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள். திருப்பூர் கம்பெனி பஸ் உங்கள் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றுகிற காலத்தில், குறைந்த கூலியை நம்பி எடுத்த ஆர்டரை முடித்துக் கொடுக்க ஆளும் இருக்காது.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. அயர்ன், பேக்கிங், பட்டன் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பீர்கள். அவர்களில் உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு ஆட்களுக்கு நீங்கள்தான் வாங்குபவர், அதே 45 நாள் விதி உங்களுக்கும் உண்டு. 2024 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டி மார்ச் 31-இல் பாக்கி நின்றால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். தனியார் கம்பெனிகள் இப்போது கொஞ்சம் ஒழுங்காகப் பணம் கொடுப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். வரி கட்டாத அரசுத் துறைகளை அது தொடவில்லை என்பது பெரிய குறை. உங்களைத் தொடும். ஜாப் ஒர்க்காரர்களின் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்து, கெடுவை நெருங்கியவற்றை முதலில் கொடுத்துவிடுங்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரம் பாக்கிக்கு அவர்கள் வீட்டிலும் சனிக்கிழமை தள்ளிப் போய்க்கொண்டிருக்கும்.